வயல் இல்லாத குளம்

குளம் என்றவுடன் எம்மவர் மனதில் முதலில் வருவது வயல்தான். அக்குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கேட்போமே தவிர, குளம் எவ்வளவு அழகானது என்று எவரும் கேட்பதில்லை. மாரிக்கு வான் பாய்ந்ததா, சிறுபோகத்துக்குத் தண்ணீர் மிஞ்சுமா, துருசு ஒழுகுகிறதா என்பவையே எமது கேள்விகள். பிள்ளைகள் அலைகரையில் குளிப்பதும் பெரியவர்கள் பொழுதுபோகத் தூண்டில் போடுவதும் உண்டுதான். ஆயினும் அதற்கென்று யாரும் குளம் கட்டுவதில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அந்நாட்டின் பதிவேட்டில் உள்ள அணைகள் 90,000க்கும் அதிகம். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எமது குளக்கட்டுகளைப் போல மண்ணால் ஆனவை. அரைவாசிக்கு மேற்பட்டவை அரசுக்குச் சொந்தமானவையல்ல. ஒரு கமக்காரனுக்கோ, ஒரு சங்கத்துக்கோ, ஒரு கல்லூரிக்கோ சொந்தமானவை. பொழுதுபோக்குக்காகவே வைத்திருக்கும் குளங்கள் அங்கு ஆயிரக்கணக்கில் உண்டு. படகு விடுவதும், மீன் பிடிப்பதும், கரையிலே வீடு போட்டு விடுமுறையைக் கழிப்பதுமே அவற்றின் பயன்.

அத்தகைய குளமொன்றுக்கு நேர்ந்த கதியை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறோம். தூரத்து நாட்டுக் கதை எமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். வருடக்கணக்கில் ஊரை விட்டிருந்தவர்களுக்கும், திரும்பிப் போய்ப் பற்றை மூடிய குளக்கட்டைப் பார்த்து நின்றவர்களுக்கும் இக்கதை அவ்வளவு தூரமானதல்ல.

கல்லூரிக்குச் சொந்தமான அணை

ஜோர்ஜியா மாநிலத்தின் வடகிழக்கில், மலையடிவாரத்தில், ரொக்கோவா என்னும் சிறு பட்டினம் உள்ளது. அதன் அருகே 186 அடி உயரத்திலிருந்து ஒரு நீர்வீழ்ச்சி விழுகிறது. நீர்வீழ்ச்சியின் கீழே ஓடைக்கரையில் வேதாகமக் கல்லூரி ஒன்று இயங்கி வருகிறது. நீர்வீழ்ச்சிக்கு மேலே ஓடையை மறித்துக் கட்டிய அணையும் அதன் குளமும் அக்கல்லூரிக்கே சொந்தமாக இருந்தன. கெலி பார்ன்ஸ் அணை என்பது அதன் பெயர்.

அணை ஒரே நாளில் எழுந்ததல்ல. 1899 இல் மரச்சட்டங்களுக்குள் கல்லை நிரப்பிச் சிறியதோர் அணை அங்கு கட்டப்பட்டது. சிறு மின்நிலையமொன்றுக்குத் தண்ணீர் தருவதே அதன் வேலை. 1937 இல் கல்லூரி தனக்கென மின்சாரம் எடுக்கத் தீர்மானித்து, பழைய கல்லணையின் மேலேயே மண்ணைக் கொட்டிக் கட்டை உயர்த்தியது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் மேலும் உயர்த்தினார்கள். முடிவில் கட்டின் உயரம் 42 அடி, நீளம் ஏறக்குறைய 400 அடி. எமது கணக்கில் இது ஒரு நடுத்தரக் குளத்தின் கட்டு. உயரம் மட்டும் சற்றுக் கூட. பின்னாளில் விசாரித்தவர்கள் தேடியும் அதற்கு முறையான வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. கையிலிருந்த மண்ணையும் கையிலிருந்த ஆட்களையும் கொண்டு, தேவைக்கேற்பக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. எமது சிறு குளங்களிலும் எத்தனைக்கு வரைபடம் இருக்கிறது?

1957 இல் மின் உற்பத்தி நின்றது. அன்றிலிருந்து இருபது வருட காலம் அக்குளம் மீன் பிடிப்பதற்கும் பொழுதைப் போக்குவதற்குமான குளமாகவே இருந்தது.

கதையின் திருப்பம் இந்த வருடத்தில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். மின்சாரம் வேண்டியிருந்த காலத்தில் குளத்தின் நீர்மட்டம் ஒருவருடைய கவலையாக இருந்திருக்கும். நீர் குறைந்தால் விளக்கு மங்கும். குழாய் அடைத்தால் விளக்கு அணையும். ஆகவே யாரோ ஒருவர் மேலே ஏறிப் போய்ப் பார்த்தே ஆகவேண்டும். விளக்கு வேறிடத்திலிருந்து எரியத் தொடங்கியதும் அந்தத் தேவை இல்லாமற் போய்விட்டது. தூண்டில் போடப் போகிறவன் நீரைப் பார்ப்பான். கட்டின் மறுபக்கத்தைப் பார்க்கமாட்டான். குளக்கட்டின் நோயோ அநேகமாக மறுபக்கத்தில்தான் தெரியும்.

அந்த மறுபக்கத்தில், அதாவது நாம் வயற்புறம் என்று சொல்லும் சரிவில், மரங்களும் பற்றைகளும் வளர்ந்திருந்தன. சரிவோ மிகச் செங்குத்தானது. ஓர் அடி உயரத்துக்கு ஓர் அடி கிடை என்ற அளவு. எமது சிறு குளங்களிற்கூட ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி கிடையாவது விட்டுக் கட்டுவது வழக்கம். 1973 இல் எடுத்த ஒரு புகைப்படத்தில், சரிவின் ஒரு பகுதி 12 அடி உயரத்துக்கும் 30 அடி அகலத்துக்கும் வழுக்கி இறங்கியிருப்பது தெளிவாகத் தெரிகிறது. அணை உடைவதற்கு நான்கு வருடங்களுக்கு முன் எடுத்த படம் அது. படம் இருந்தது, அதைப் பார்த்து மண்வெட்டி எடுத்தவர் இல்லை.

1977 நவம்பர் 6

1977 நவம்பர் 2 முதல் 5 வரையான நான்கு நாட்களில் ரொக்கோவாவில் 7 அங்குல மழை பெய்தது. அதில் பாதி 5 ஆந் திகதி, சனிக்கிழமை மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில் கொட்டியது. எமது மாரியோடு ஒப்பிட்டால் இது கேள்விப்படாத மழையல்ல. அன்றிரவு கல்லூரியைச் சேர்ந்த தன்னார்வத் தீயணைப்பாளர் சிலர் அணைக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள். இருட்டிலும் மழையிலும் அபாயம் எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை.

ஞாயிறு அதிகாலை ஒன்றரை மணியளவில் கட்டு உடைந்தது. அப்போது குளத்தில் இருந்த நீர் ஏறக்குறைய 630 ஏக்கர் அடி. 630 ஏக்கர் வயலில் ஓர் அடி உயரத்துக்கு நிரப்பக்கூடிய தண்ணீர் அது. அவ்வளவும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு வழியாக ஒரேயடியாக இறங்கியது. உச்ச வேளையில் செக்கனுக்கு 24,000 கன அடி நீர் பாய்ந்ததாக அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வகத்தார் பின்னர் கணித்தனர். நீர்வீழ்ச்சியைத் தாண்டி விழுந்த வெள்ளம் நித்திரையில் இருந்த கல்லூரி வளவுக்குள் புகுந்தது.

ஓடைக்கரையின் தாழ்ந்த நிலத்தில், குடும்பத்தோடு படிக்க வந்திருந்த மாணவர்கள் சில்லுகளின் மேல் வைத்த பெட்டி வீடுகளில் குடியிருந்தார்கள். அவ்வீடுகளில் 18 முற்றாக அழிந்தன. அவற்றோடு 9 வீடுகளும், கல்லூரிக் கட்டடங்கள் இரண்டும் இல்லாமற் போயின. 39 பேர் இறந்தார்கள். அவர்களிற் பலர் சிறுவர். 

வசதி குறைந்தவர்கள் ஏன் எப்போதும் தாழ்ந்த நிலத்திலேயே இருக்க நேர்கிறது என்பதைத் தற்காலிகக் கொட்டில்களில் மாரி கழித்த எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அதே ஜோர்ஜியா மாநிலத்தவர். அவருடைய பாரியார் றோசலின் கார்ட்டர் கல்லூரிக்கு நேரில் வந்து துயருற்றவர்களைச் சந்தித்தார்.

கட்டு எப்படி உடைகிறது?

இதைச் சற்று விரிவாகச் சொல்வது பயன்தரும். மண்கட்டு என்றால் தண்ணீரை முழுதாக மறிக்கும் சுவர் என்று பலர் எண்ணுகின்றனர். அது அப்படியல்ல. எந்த மண்கட்டுக்குள்ளும் நீர் மெல்லப் பொசிந்து கொண்டேயிருக்கும். கட்டின் உள்ளே நனைந்த பாகமும் காய்ந்த பாகமும் இருக்கும். குளத்தில் நீர் ஏற ஏற நனைந்த பாகமும் உயரும். நனைந்த மண்ணுக்குப் பாரம் கூட, பிடிப்புக் குறைவு. சரிவு செங்குத்தாக இருந்தால், ஒருநாள் அது தன் பாரத்தைத் தாங்க மாட்டாமல் வழுக்கும். வழுக்கிய இடத்தில் கட்டு மெலிந்து போகும். மெலிந்த இடத்தில் பொசிவின் வேகம் கூடும்.

வேகம் கூடிய பொசிவு மண்ணையும் சேர்த்து இழுக்கத் தொடங்குவதுதான் பேராபத்து. வயற்புறத்தில் ஒரு சிறு ஊற்றுக் கண்ணாக அது வெளிப்படும். ஊற்று கொண்டு வரும் ஒவ்வொரு பிடி மண்ணும் கட்டின் உள்ளிருந்து வருவது. நாளடைவில் அந்த வழி நீர்ப்புறத்தை நோக்கிப் பின்னோக்கி வளர்ந்து, கட்டினூடாக ஒரு குழாயாகிவிடும். உக்கிய மரவேர் இருந்தால் குழாய் ஏற்கெனவே பாதி தயார். எலி வளையும், முள்ளம்பன்றிப் பொந்தும், கறையான் புற்றும் அப்படியே. கட்டினூடாக முன்பு புதைத்த பழைய குழாய்களின் வெளிப்புறத்தை ஒட்டியும் நீர் இலகுவில் வழி தேடிக்கொள்ளும். துருசின் பக்கச் சுவரை ஒட்டிய மண்ணைப் பெரியவர்கள் ஏன் அடிக்கடி மிதித்துப் பார்த்தார்கள் என்பது இப்போது விளங்கும்.

கெலி பார்ன்ஸ் அணையை ஆராய்ந்த நிபுணர் குழு ஒரேயொரு காரணத்தைச் சுட்டவில்லை. செங்குத்தான சரிவில் ஒரு பகுதி வழுக்கியிருக்கலாம்; கட்டினூடாக மண் அரித்த பொசிவு அதற்குத் துணையாக இருந்திருக்கலாம்; கட்டின் அடியிலிருந்த பழைய வடிகுழாய் இடிந்து நிலைமையை மோசமாக்கியிருக்கலாம்; அதனால் கட்டின் மேல் ஓரிடம் தாழ்ந்து, நீர் அவ்வழியே பாய்ந்து முழுவதையும் அரித்தது என்பதே அவர்களுடைய முடிவின் சாரம். கட்டு பொதுவாகவே மோசமான நிலையில் இருந்தது என்றும் சொன்னார்கள். பெருமழை கடைசிப் பாரமாக வந்து ஏறியது, அவ்வளவுதான்.

செல்வந்தரின் ஏரி

கல்லூரியிடம் காசு இருக்கவில்லை, ஆதலால் கவனிக்கவில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்படியானால் காசு நிறைந்தவர்களின் குளத்தையும் பார்ப்போம். அதற்கு இன்னும் எண்பத்தெட்டு வருடங்கள் பின்னோக்கிப் போகவேண்டும்.

பென்சில்வேனியா மாநில அரசு தனது படகுக் கால்வாய்க்கு நீர் தருவதற்காக, சவுத் போர்க் என்னுமிடத்தில் 72 அடி உயரமான மண் அணையொன்றைக் கட்டியது. 1838 இல் தொடங்கிய வேலை 1853 இல்தான் முடிந்தது. முடிவதற்கிடையில் புகையிரதப் பாதை வந்துவிட்டது. கால்வாய்க்குத் தேவை இல்லாமற் போயிற்று. அணை கைமாறிக் கைமாறிச் சென்றது. 1862 இல் ஒருமுறை உடைந்தது. குளத்தில் நீர் குறைவாக இருந்ததால் பெருஞ்சேதமில்லை. பின்னர் வாங்கிய ஒருவர், அடியிலிருந்த ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்களையும் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்றார். எமது மொழியில் சொன்னால் துருசைக் கழற்றி விற்றுவிட்டார். அதன்பின் அக்குளத்தின் நீரை வேண்டும்போது இறக்குவதற்கு வழியே இல்லை.

1879 இல் பிற்ஸ்பேர்க் நகரச் செல்வந்தர்கள் மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் சங்கம் அமைத்து அவ்விடத்தை எடுத்துக்கொண்டனர். உருக்கு முதலாளி அன்ட்ரூ கார்னெகியும், ஹென்றி பிறிக்கும் அதன் அங்கத்தவர்கள். உடைந்த இடத்தை மண்ணோடு வைக்கோலும் சாணமும் மரக்குற்றிகளும் போட்டு அடைத்தார்கள். குதிரை வண்டிகள் எதிரெதிரே விலகிச் செல்லும் அகலம் வேண்டுமென்று கட்டின் மேற்பாகத்தைச் சீவித் தாழ்த்தினார்கள். விலைகொடுத்து விட்ட மீன்கள் தப்பிப் போகாதிருக்க வானுக்குக் குறுக்கே கம்பி வலை அடித்தார்கள். இந்த வலையை நினைக்கும்போதுதான் எமக்கு மனம் ஆறுவதில்லை. குளத்தின் உயிர்வழியை மீனுக்காக மறித்திருக்கிறார்கள்.

கீழே 14 மைல் தூரத்தில் ஜோன்ஸ்ரவுண் நகரம் இருந்தது. அங்குள்ள இரும்பாலையின் தலைவர் டானியல் மொறல், 1880 இல் தமது பொறியியலாளரை அனுப்பி அணையைச் சோதித்தார். நீரை இறக்கக் குழாய் இல்லை, திருத்தம் சரியில்லை என்று அறிக்கை வந்தது. திருத்தச் செலவில் ஒரு பகுதியைத் தாமே தருவதாகவும் மொறல் சொன்னார். சங்கத்தார் ஏற்கவில்லை, ஆபத்தில்லை என்று பதில் அனுப்பினர்.

1889 மே 31 இல் பெருமழை. அன்று காலை வலையில் குப்பையும் மரக்கொப்புகளும் அடைத்துக் கொண்டன. ஆட்கள் ஓடித்திரிந்து வலையை நீக்கப் பார்த்தனர், கட்டின் ஓரத்தில் இன்னொரு வானை வெட்டப் பார்த்தனர், கட்டின் நடுவில் மண்ணைப் போட்டு உயர்த்தப் பார்த்தனர். காலம் கடந்துவிட்டது. சீவித் தாழ்த்திய கட்டின் மேலாக நீர் வழிந்து, பிற்பகல் மூன்று மணியளவில் அணை உடைந்தது. ஜோன்ஸ்ரவுணிலும் அதற்கு மேலிருந்த ஊர்களிலும் 2,209 பேர் இறந்தனர். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. வழக்குப் போட்டவர்கள் சங்கத்திடமிருந்து நீதிமன்றத்தின் மூலம் ஒரு சதமும் பெறவில்லை. பெருமழை இறைவன் செயல் என்பதே அக்காலச் சட்டத்தின் மறுமொழி. இறைவன் மழையைத் தந்தார். குழாயைப் பிடுங்கியதும் வலையை அடித்ததும் மனிதர்.

அந்த அணையின் இரு முனைகளும் இன்றும் நிற்கின்றன. 1964 முதல் அவ்விடம் தேசிய நினைவிடமாகப் பேணப்படுகிறது.

ஏழைக் கல்லூரிக்கும் செல்வந்தர் சங்கத்துக்கும் பொதுவானது ஒன்றே. இரு அணைகளும் ஒரு வேலைக்காகக் கட்டப்பட்டன. வேலை போன பின்னும் தண்ணீர் அப்படியே இருந்தது. தண்ணீரோடு இருக்க வேண்டிய கண்காணிப்பு மட்டும் வேலையோடு போய்விட்டது.

சட்டம் வந்த விதம்

1972 இல் மேற்கு வேர்ஜினியாவில் நிலக்கரிக் கழிவினால் ஆன அணையொன்று உடைந்து 125 பேர் இறந்தனர். அவ்வருடமே அணைகளைச் சோதிக்கும் சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அணைகளின் பட்டியல் தயாராயிற்று. சோதனைக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. ரொக்கோவாவின் 39 பேர் இறந்த பின்னரே கார்ட்டர் பணித்தபடி சோதனை தொடங்கியது. உடைந்தால் உயிர்ச்சேதம் ஏற்படக்கூடிய இடங்களிலிருந்த ஏறக்குறைய 8,800 அணைகளை 1981 வரையில் இராணுவப் பொறியியலாளர்கள் பார்த்து முடித்தார்கள். அவற்றில் மூன்றிலொரு பங்கு பாதுகாப்பற்றவை எனக் கண்டார்கள். ஜோர்ஜியா மாநிலம் 1978 இல் தனக்கெனப் பாதுகாப்பான அணைகள் சட்டத்தை இயற்றியது. உடைந்த கெலி பார்ன்ஸ் அணை மீண்டும் கட்டப்படவில்லை.

எமது கட்டுகள்

வயல் இருந்தால் குளம் தானாகவே பாதுகாப்பாக இருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு நீர் கொடுத்த கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் வயலோடு சேர்ந்து ஒரு முறை இருந்தது. கட்டின் இத்தனை முழம் இன்னாருடைய பங்கு என்று வயலின் அளவுப்படி பிரித்துக்கொண்டு, மாரிக்கு முன் பற்றை வெட்டி மண் போடுவார்கள். வட்டவிதானை வந்து பார்ப்பார். செய்யாதவனுக்குத் தண்ணீர் முறை பிந்தும்.

அந்த முறை அறுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எமது நாட்டுச் சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1832 இல் ஆங்கிலேயர் இராசகாரியத்தை ஒழித்தனர். கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்ல காரியமே. ஆனால் குளங்களைப் பேணிய கூட்டு வேலையும் அதோடு சேர்ந்து தளர்ந்தது. அதற்குப் பதிலாக வேறோர் ஏற்பாடும் வைக்கப்படவில்லை. கிராமக் குளங்கள் பல தூர்ந்தும் உடைந்தும் போயின. பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலுக் கொடுத்து அவற்றை மீட்கும் முயற்சி 1856 ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தோடுதான் தொடங்கியது.

இடம்பெயர்வு இதையே எமது காலத்தில், கிராமம் கிராமமாகச் செய்தது. மனிதர் போனார்கள், மழை வழமைபோல் வந்தது. வருடாவருடம் நீர் ஏறியிறங்கிய கட்டுகளில் துருசு திறக்க ஆளில்லை. வானில் விழுந்த மரத்தை எடுக்க ஆளில்லை. சில கட்டுகள் போர்க்காலத்தில் காவலரண்களாக வெட்டிக் குடையப்பட்டன. 2009 இன் பின்னர் திரும்பியவர்களில் பலர் முதலில் வீட்டையும் கிணற்றையும் பார்த்தார்கள்; அது இயல்பே. சில இடங்களில் பிள்ளைகள் வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்க, வயல் குத்தகைக்குப் போயிற்று. குத்தகைக்காரனுக்கு இந்தப் போகம் முக்கியம், கட்டு முக்கியமல்ல. இன்னும் காணிக்குத் திரும்ப முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பங்கு முழங்கள் யாருக்கும் உரியவையாக இல்லாமல் கிடக்கின்றன.

ஆகவே கட்டில் ஏறிப் பார்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மிதிவெடி அகற்றிய பகுதி என்று உரியவர்கள் உறுதி செய்யாத கட்டில் கத்தியோடு ஏற வேண்டாம். இது எல்லாவற்றுக்கும் முதல். ஏறிய பின், கட்டின் மேலாக மாத்திரம் நடந்து திரும்ப வேண்டாம். வயற்புற அடிவாரத்தில் இறங்கி நடவுங்கள். கோடையில் சுற்றிலும் காய்ந்திருக்க ஓரிடம் மட்டும் பசேலென்று புல்லாக இருந்தால், அங்கே பொசிவு உண்டு. பொசியும் நீரைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிந்த நீரானால் இடத்தை அடையாளமிட்டு அடிக்கடி கவனித்து வரலாம். கலங்கிய நீரானால் கட்டின் மண் கரைகிறது என்று பொருள். அன்றே அறிவிக்க வேண்டும். ஊற்றுக் கண்ணைக் களிமண்ணால் இறுக அடைக்கப் பலர் ஓடுவார்கள். அது கூடாது. அடைத்த நீர் பக்கத்தில் வேறு வழி திறக்கும். ஊற்றைச் சுற்றி மண்மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே முதலில் மணலும் அதன் மேல் சல்லியும் போட்டால் நீர் வெளியேறும், மண் தங்கும். அது தற்காலிக உதவிதான். துருசைத் திறந்து நீரை இறக்குவதும், கீழே குடியிருப்போரை மேட்டுக்கு அனுப்புவதும் அதனோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

பெருமரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிறு செடியையும் பற்றையையும் தாராளமாக வெட்டலாம். பெரிய மருதையும் ஆலையும் ஆர்வத்தில் தறித்து வேரை மண்ணுக்குள் உக்க விட்டால், சில வருடத்தில் அது நீருக்கு வழியாகும். நீர் வற்றிய காலத்தில், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் ஆலோசனையோடு, வேரையும் கிளப்பி, நல்ல மண்ணைப் படை படையாக இட்டு இறுக்கிச் செய்ய வேண்டிய வேலை அது.

வானில் மண்மூட்டை அடுக்கி இன்னும் ஓரடி நீர் தேக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. சிறுபோகத்தில் நாலு ஏக்கர் கூட விதைக்கும் ஆசை விளங்கக்கூடியதே. வறிய குடும்பத்துக்கு அது ஒரு வருடச் சோறு. ஆனால் அந்த மூட்டையும் சவுத் போர்க்கின் மீன்வலையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எமது தீவிலும் இப்போது சில குளக்கரைகளில் நடைபாதையும் இருக்கைகளும் போட்டு, மாலையில் மக்கள் உலாவ வசதி செய்கிறார்கள். அது நல்லதே, களைத்த மனதுக்குக் குளக்காற்று வேண்டும். நடைபாதைக்காகக் கட்டு தாழ்த்தப்பட்டதா, மின்கம்பம் நடக் கட்டின் சரிவு வெட்டப்பட்டதா என்று மட்டும் கேட்டு வைக்க வேண்டும்.

சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பொறுப்பு. 200 ஏக்கருக்கு மேல் நீர் பாயும் குளங்கள் பொதுவாக நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சேர்ந்தவை. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பதிவு செய்த கமக்கார அமைப்பு கடிதம் கொடுத்தால், அக்கடிதத்துக்குப் பதில் கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு. வாயால் சொல்லி வருவதை விட எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருப்பது மேல். ரொக்கோவாவில் ஒரு புகைப்படம் நான்கு வருடம் சும்மா கிடந்தது. இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு குறைவு. வழுக்கிய சரிவையோ கலங்கிய ஊற்றையோ கண்டால் படம் எடுத்து, திகதியும் இடமும் குறித்து, கமநல சேவை நிலையத்துக்குக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். ஊருக்குத் திரும்பாதவர்களின் பங்கு முழங்களை இவ்வருடம் யார் செய்வது என்பதையும் புரட்டாதி முடியுமுன் நடக்கும் கூட்டத்திலேயே பேசி, பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்தால் மழை காத்திராது.